ஓப்பன் கோல்ஃப் சாம்பியன்ஷிப், 1999

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையோரச் சிற்றூரான கார்னூஸ்டியில் 1999 ஜூலை 15 முதல் 18 வரை நடந்த 128வது ஓப்பன் போட்டி. நான்கு நாள்களில் 72 குழிகள் ஆடி முடிந்தபோது பால் லாரி (ஸ்காட்லாந்து), ஜஸ்டின் லெனர்ட் (அமெரிக்கா), ழான் வான் டெ வெல்ட் (பிரான்ஸ்) ஆகிய மூவரும் 290 அடிகளில் சமமாக நின்றனர். சமநிலையைத் தீர்க்க அன்று மாலையே நான்கு குழிகளுக்குப் பிளேஆஃப் நடந்தது. லாரி மூன்று அடி வித்தியாசத்தில் கோப்பையை வென்றார். ஆயினும் இந்தப் போட்டியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் முதலில் வருவது தோற்ற பிரெஞ்சுக்காரரின் பெயர்தான். பதினெட்டாம் குழியில் அவருக்கு நேர்ந்ததைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நடந்த ஆட்டத்தைப் பலர் பாதிக் கவனத்தோடுதான் பார்த்தார்கள். பிளேஆஃப் ஒன்று எப்படி வெல்லப்பட வேண்டும் என்பதற்கு அந்த ஒரு மாலை நல்ல பாடம் என்பதால், இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

தொழில்முறை கோல்ஃபில் ‘மேஜர்’ எனப்படும் நான்கு பெரும் போட்டிகளுள் மிகப் பழையது ஓப்பன். 1860இல் பிரெஸ்ட்விக் மைதானத்தில் தொடங்கியது. ஒவ்வொரு குழிக்கும் ‘பார்’ என்று ஓர் அளவு உண்டு: தேர்ந்த ஆட்டக்காரர் இத்தனை அடிகளில் பந்தைக் குழிக்குள் சேர்க்க வேண்டும் என்ற கணக்கு. பாரைவிட ஓர் அடி குறைந்தால் பேர்டி, ஓர் அடி கூடினால் போகி, இரண்டு கூடினால் இரட்டை போகி. நான்கு நாள் மொத்தத்தில் யாருடைய அடிகள் குறைவோ அவர் வெற்றியாளர். சமநிலை வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடை சொல்லப்பட்டிருக்கிறது.

1876இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் பாப் மார்ட்டினும் டேவிட் ஸ்ட்ராத்தும் சமமாக முடித்தனர். ஸ்ட்ராத்தின் பந்து முன்னால் ஆடிக்கொண்டிருந்த ஒருவர்மீது பட்டதாகப் புகார் இருந்தது. பிளேஆஃப் முதலில் நடக்கட்டும், புகாரைப் பிறகு விசாரிக்கலாம் என்றது குழு. விசாரணையில் தகுதி போய்விடலாம் என்றால் அதற்குமுன் ஏன் ஆட வேண்டும் என்று ஸ்ட்ராத் மறுத்துவிட்டார். மார்ட்டின் மைதானத்தை நடந்து கடந்து பட்டத்தைப் பெற்றுக்கொண்டார். ஸ்ட்ராத் பக்கம் நியாயம் இருந்தது என்றே தோன்றுகிறது. முறையாக ஆடப்பட்ட முதல் பிளேஆஃப் 1883இல் மஸல்பரோவில். 36 குழிகளுக்குப் பிறகு வில்லி ஃபெர்னி, பாப் ஃபெர்குசனை ஓர் அடியில் வென்றார். 36 குழி என்பது ஒரு முழு நாள் உழைப்பு. அந்த வழக்கம் 1963இல் லிதமில் பாப் சார்ல்ஸ், ஃபில் ராட்ஜர்ஸை வென்றதோடு முடிந்தது. பிறகு 18 குழியாகக் குறைந்தது. 1970இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஜாக் நிக்லாஸ், டக் சாண்டர்ஸை வென்றது அப்படித்தான்.

18 குழி முறை ஓப்பனில் கடைசியாக ஆடப்பட்ட இடமும் கார்னூஸ்டிதான். 1975இல் முதன்முறையாக ஓப்பனுக்கு வந்திருந்த 25 வயது டாம் வாட்சன், ஆஸ்திரேலியாவின் ஜாக் நியூட்டனோடு சமமாகி, மறுநாள் 71க்கு 72 என்ற கணக்கில் வென்றார். அவருடைய ஐந்து ஓப்பன் பட்டங்களில் அது முதலாவது. ஒரு நாள் கழித்து முடிவு தெரிவது தொலைக்காட்சிக்கும் வசதியில்லை, கடைசி நாள் வந்த கூட்டத்துக்கும் வசதியில்லை. அதனால் ஓப்பனில் நான்கு குழிகளின் கூட்டுத்தொகையைப் பார்க்கும் முறை கொண்டுவரப்பட்டது. 1989இல் ட்ரூனில் முதன்முதலாக ஆடப்பட்டபோது மார்க் கால்காவெக்கியா, கிரெக் நார்மனையும் வேய்ன் கிரேடியையும் வென்றார். மற்றொரு மேஜரான மாஸ்டர்ஸ் போட்டியில் உள்ளதுபோல், ஒரே குழியில் முந்துபவர் வெற்றியாளர் என்னும் ‘சடன் டெத்’ முறையைவிட இது நேர்மையானது. முதல் குழியில் தவறினாலும் மீள மூன்று குழிகள் மிச்சமிருக்கும். 1999இல் அந்த மீட்சிக்கான இடத்தை லாரி முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார்.

கார்னூஸ்டியில் கோல்ஃப் பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே ஆடப்படுகிறது. ஆலன் ராபர்ட்சன் அமைத்த பத்துக் குழிகளை 1867இல் ஓல்ட் டாம் மாரிஸ் பதினெட்டாக விரித்தார். 1926இல் ஜேம்ஸ் பிரெய்ட் மாற்றியமைத்தார். 1931இல் முதல் ஓப்பன் அங்கே நடந்தபோது வென்றவர் எடின்பரோவில் பிறந்து அமெரிக்கக் குடிமகனான டாமி ஆர்மர். பிறகு ஹென்றி காட்டன், பென் ஹோகன், கேரி ப்ளேயர், வாட்சன் என்று பெரும் பெயர்களே அங்கு வென்றன. ஆனாலும் 1975க்குப் பின் 24 ஆண்டுகள் ஓப்பன் அங்கே திரும்பவில்லை. பெருங்கூட்டத்தைத் தங்கவைக்க ஊரில் வசதி இல்லை என்பது ஒரு முக்கியக் காரணம். பதினெட்டாம் குழிக்குப் பின்னால் புதிய ஹோட்டல் ஒன்று எழும்பியபிறகே 1999 வாய்ப்பு வந்தது.

அந்த ஆண்டு மைதானம் கொடுமையாக இருந்தது. 7,361 கஜ நீளம், பார் 71. புல்லைக் கட்டையாக வெட்டிவைத்த ஆடுபாதைகளான ஃபேர்வேக்கள் ஒடுக்கம், இருபுறமும் புல் முழங்கால் அளவுக்கு வளர்ந்து பந்தை விழுங்கியது, போதாததற்குக் கடற்காற்று. முதல் நாள் 71 அடித்து முன்னிலை பெற்ற ஆஸ்திரேலியரான ராட் பாம்ப்ளிங் மறுநாள் 86 அடித்து, கடைசி இரண்டு நாள்களுக்கே தகுதி பெறாமல் வெளியேறினார். பெரும் எதிர்பார்ப்போடு வந்த 19 வயது செர்ஹியோ கார்சியா 89, 83 அடித்துவிட்டுத் தாயின் தோளில் அழுதார். பாருக்கு 12 மேல் அடித்தவரும் தகுதி பெற்றார் என்பதே மைதானத்தின் நிலைமைக்குச் சாட்சி. மைதானத்தை இப்படி வைத்ததற்காக ஆட்டக்காரர்கள் பலர் வெளிப்படையாகக் கோபப்பட்டனர். அவர்களது கோபத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. வெற்றிக்குப் போதுமான 290 என்னும் மொத்தம் 1947க்குப் பிறகு ஓப்பன் கண்ட மிகப் பெரிய எண்ணிக்கை.

இந்தக் குழப்பத்தில் முன்னேறியவர் 33 வயது வான் டெ வெல்ட். ஐரோப்பியச் சுற்றில் அதுவரை ஒரே ஒரு வெற்றி, 1993இல் ரோமில். 75, 68, 70 என்று அடித்து, மூன்றாம் நாள் முடிவில் ஐந்து அடி முன்னிலையில் இருந்தார். அவர் வென்றால் 1907இல் வென்ற அர்னோ மாஸிக்குப் பிறகு ஓப்பன் வெல்லும் முதல் பிரெஞ்சுக்காரர். அடுத்த இடத்தில் லெனர்டும் ஆஸ்திரேலியரான கிரேக் பாரியும். லாரியோ பத்து அடி பின்னால். அபர்டீனில் பிறந்த லாரிக்கு வயது 30. உலகத் தரவரிசையில் 159. டண்டியின் டவுன்ஃபீல்ட் மைதானத்தில் தகுதிச் சுற்று ஆடித்தான் போட்டிக்குள்ளேயே நுழைந்திருந்தார். பதினேழு வயதில் தொழில்முறைக்கு வந்தபோது அவர் பெயர்பெற்ற அமெச்சூர் வீரர்கூட அல்லர். பாங்கரி கிளப்பில் உதவியாளர் வேலைதான்.

ஞாயிறன்று லாரி 67 அடித்தார். எல்லோரும் பாரைத் தொடவே திணறிய மைதானத்தில் அது அபாரமான ஆட்டம். ஆனால் தொலைக்காட்சிக் கேமராக்கள் அவரை அதிகம் தேடவில்லை, ஏனெனில் அவர் முடித்தபோது முன்னிலையில் இருந்தவர்களுக்கு இன்னும் பல குழிகள் இருந்தன. லெனர்ட் 72 அடித்து 290இல் சேர்ந்தார். கடைசிக் குழியில் இரண்டாம் அடியிலேயே, குழியைச் சுற்றியுள்ள ‘கிரீன்’ என்னும் புல்தரையை எட்டிவிட முயன்று பந்தை ஓடையில் விட்டது அவருக்கு ஓர் அடி நஷ்டம். பதினெட்டாம் குழியின் தொடக்கத்தில் வான் டெ வெல்ட் நிற்கும்போது இருவரையும்விட மூன்று அடி முன்னிலை. ஆறு அடித்தாலும் கோப்பை அவருடையதுதான்.

487 கஜ நீளமுள்ள அந்தக் குழியில் பேரி பர்ன் என்னும் ஓடை வளைந்து வளைந்து குறுக்கிடும். வான் டெ வெல்ட் வெகுதூரம் அடிக்க உதவும் டிரைவர் மட்டையை எடுத்தார். பந்து வலப்பக்கம் வெகுதூரம் விலகிப் பதினேழாம் குழியின் புல்வெளியில் விழுந்தது. ஓடையில் விழாதது அதிர்ஷ்டம். அங்கிருந்து சின்னதாக ஓர் அடி அடித்துப் பத்திரமான இடத்துக்கு வந்திருக்கலாம். அவர் இரண்டாம் எண் அயர்ன் மட்டையால் நேராகக் கிரீனை நோக்கி அடித்தார். பந்து பார்வையாளர் மேடையின் கம்பியில் பட்டு, ஓடையின் கல் கரையில் மோதி, பின்னோக்கித் தெறித்து அடர்ந்த புல்லில் புதைந்தது. கம்பிக்கு ஒரு சாண் இங்கே அங்கே பட்டிருந்தால் மேடைக்குள் விழுந்திருக்கும். அப்படி விழுந்தால், அபராதமின்றி வேறிடத்தில் வைத்து ஆட விதி அனுமதிக்கும். மூன்றாம் அடி புல்லில் சிக்கி, பந்து ஓடைக்குள் போனது.

பிறகு நடந்ததுதான் எல்லாப் புகைப்படங்களிலும் இருக்கிறது. காலணியையும் காலுறையையும் கழற்றி, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு அவர் தண்ணீருக்குள் இறங்கினார். நீருக்குள் தெரிந்த பந்தை அப்படியே அடித்து வெளியேற்றலாமா என்று யோசித்தார். பந்து அமிழ்ந்துகொண்டே போனது. கடைசியில் ஓர் அடி அபராதத்தோடு பந்தை வெளியே போட்டு ஆடினார். ஐந்தாவதாக அடித்த அடி ‘பங்கர்’ என்னும் மணற்பள்ளத்தில் விழுந்தது. கூட ஆடிய பாரியின் பந்தும் அதே பங்கரில் கிடந்தது. பாரி முதலில் அடித்தார். பந்து நேராகக் குழிக்குள் போய்விட்டது! வான் டெ வெல்ட் மணலிலிருந்து எடுத்து, பிறகு இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து ‘பட்’ என்னும் உருட்டடியால் பந்தைக் குழிக்குள் தள்ளி ஏழில் முடித்தார். அந்தக் கடைசிப் பட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மொத்தச் சரிவுக்கும் பிறகு, கை நடுங்காமல் அதைப் போட்டதால்தான் அவருக்குப் பிளேஆஃபே கிடைத்தது.

டிரைவரை எடுத்ததுதான் பெருந்தவறு என்று பலர் எழுதினார்கள். அது அவ்வளவு சரியில்லை. முதல் அடி மோசமானாலும் பந்து ஆடத்தக்க இடத்தில்தான் இருந்தது. இரண்டாம் அடியை ஓடைக்கு இப்பாலேயே நிறுத்தாததுதான் கைவிட்ட வாய்ப்பு. அதிலும் பாதி கம்பியின் குற்றம்.

பிளேஆஃப் பதினைந்தாம் குழியில், மழைத் தூறலுக்கிடையே தொடங்கியது. மூவரும் மோசமாகவே தொடங்கினார்கள்: வான் டெ வெல்ட்டுக்கு இரட்டை போகி, லாரிக்கும் லெனர்டுக்கும் போகி. பார் மூன்றான பதினாறாம் குழியில் மூவருமே நான்கு அடித்தார்கள். பதினேழில் லாரி பேர்டி; வான் டெ வெல்ட்டும் விடாமல் பேர்டி; லெனர்டுக்குப் பார். ஆக, கடைசிக் குழிக்கு வரும்போது லாரிக்கு 12, மற்ற இருவருக்கும் 13. ஒரு மணி நேரத்துக்கு முன் மூன்று அடி முன்னிலையை விழுங்கிய அதே குழியில் ஓர் அடி முன்னிலை என்பது ஒன்றுமேயில்லை. லாரி ஃபேர்வேயில் பந்தை இறக்கினார். நான்காம் எண் அயர்னை எடுத்து, ஓடைக்கு மேலாக அடித்து, கொடிக்கம்பத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டரில் நிறுத்தினார். பேர்டி. மற்ற இருவரும் ஐந்தில் முடித்தனர். கணக்கு: லாரி 15, மற்றவர்கள் ஆளுக்கு 18. கடைசி நாளைப் பத்து அடி பின்னால் தொடங்கி ஒருவர் மேஜர் வென்றது அதற்குமுன் நடந்ததில்லை. ஸ்காட்லாந்தில் பிறந்தவர் ஸ்காட்லாந்து மண்ணிலேயே ஓப்பன் வென்றது, 1931இல் இதே இடத்தில் ஆர்மர் வென்றதற்குப் பிறகு அதுவே முதல்முறை. பரிசுத்தொகை 3,50,000 பவுண்டு.

மறுநாள் பத்திரிகைகள் ஓடைக்குள் நிற்கும் மனிதரின் படத்தையே பெரிதாகப் போட்டன. அதே செப்டம்பரில் பாஸ்டனுக்கு அருகே புரூக்லைனில் அமெரிக்க, ஐரோப்பிய அணிகள் மோதிய ரைடர் கோப்பையில் மூவரும் மீண்டும் சந்தித்தார்கள். லெனர்ட் அமெரிக்க அணியில். அவர் பதினேழாம் குழியில் போட்ட நெடும் பட்தான் அமெரிக்கா 14½க்கு 13½ என வெல்ல வழிசெய்தது. ஐரோப்பிய அணியில் லாரி ஐந்து ஆட்டங்களில் மூன்றரைப் புள்ளி எடுத்தார். கார்னூஸ்டி வெற்றி தற்செயல் என்றவர்களுக்கு அதைவிட நல்ல பதில் இருந்திருக்க முடியாது. வான் டெ வெல்ட்டைக் கடைசி நாள் வரை உட்காரவைத்துவிட்டுத் தனியாட்டத்தில் மட்டும் இறக்கினார்கள், தோற்றார். அவர் தன் துயரத்தை வைத்துத் தானே சிரிக்கத் தெரிந்தவர். அந்த ஆண்டின் இறுதியில் கார்னூஸ்டிக்குத் திரும்பி, பட்டர் மட்டையை மட்டும் வைத்துக்கொண்டு பதினெட்டாம் குழியை ஆடிப் பார்த்தார். மூன்றாம் முயற்சியில் ஆறில் முடித்தார். ஜூலையில் அவருக்குத் தேவைப்பட்ட எண் அதுதான். லாரி 2012இல் 43 வயதில் மறுபடி ரைடர் கோப்பை அணிக்கு வந்து, மெடைனாவில் பிராண்ட் ஸ்னெடிக்கரை எளிதாக வென்றார். வட ஸ்காட்லாந்துச் சிறுவர்களுக்குக் கோல்ஃப் கற்றுத்தர அவர் பெயரில் ஓர் அறக்கட்டளையும் இயங்குகிறது.

2007இல் ஓப்பன் கார்னூஸ்டிக்குத் திரும்பியது. புல் இம்முறை மிதமாக வெட்டப்பட்டிருந்தது. அயர்லாந்தின் பாட்ரிக் ஹாரிங்டன் பதினெட்டாம் குழியில் ஒருமுறைக்கு இருமுறை பேரி பர்னுக்குள் பந்தை அனுப்பியும் ஆறில் தப்பித்தார். பின்னால் வந்தவர், எட்டாண்டுக்கு முன் அங்கே அழுத கார்சியா. பார் அடித்தால் பட்டம் என்ற நிலையில் அவருடைய பட் குழியின் விளிம்பைத் தொட்டு விலகியது. நான்கு குழி பிளேஆஃபில் ஹாரிங்டன் ஓர் அடியில் வென்றார். 2018இல் பிரான்செஸ்கோ மொலினாரி இரண்டு அடி வித்தியாசத்தில் வென்றதால் அங்கே கூடுதல் குழிகள் தேவைப்படவில்லை. அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன், தன் பழைய 18 குழி பிளேஆஃபைக் கைவிட்டு இரண்டு குழிக்கு மாறியது. ஓப்பனும் 2019இல் நான்கை மூன்றாகக் குறைத்தது. 2025 வரை அந்த மூன்று குழி விதிக்கு வேலை வரவில்லை.