பாறைவீழ்ச்சித் தடுப்பமைப்புகளின் பரிசோதனை

மலைச்சரிவினின்று உருண்டு வீழும் பாறைகள் இருப்புப்பாதையையும் சாலையையும் தாக்காவண்ணம் நிறுவப்படும் எஃகு வலை, கம்பிவட வேலி, தாங்குசுவர் முதலியவற்றின் பலத்தைக் காலந்தோறும் ஆராய்ந்து செப்பனிடும் காரியம். சகியாத்திரி மலைகளை வெட்டியும் குடைந்தும் சுமார் 740 கிலோமீட்டர் செல்வதும், 1998-இல் முழுமையாகத் திறக்கப்பட்டதுமான கொங்கண் இருப்புப்பாதை இதன் அவசியத்துக்குத் தக்க திருஷ்டாந்தமாகும். 2003 ஜூன் 22 இரவு வைபவ்வாடிக்கு அருகே சரிந்து கிடந்த பாறைகளில் மோதி ரயிலொன்று தடம்புரண்டதில் ஏறத்தாழ 50 பேர் மாண்ட துயரம் இன்னும் மறக்கத்தக்கதன்று.

வலையின் கிழிசல் கண்ணுக்குப் புலனாகும். ஆனால் பாறைக்குள் செலுத்தப்பட்ட நங்கூரக் கம்பியோ, துத்தநாகப் பூச்சு தேய்ந்து, உப்புக்காற்றாலும் ஊற்றுநீராலும் துருவேறி, அந்தரங்கமாகவே க்ஷீணிப்பதாகையால், அதனை நீரழுத்த ஜாக்கியால் இழுத்துச் சோதிப்பதே பரிசோதனையின் பிரதான அங்கமெனல் தகும். வேலியின் கம்பிவடங்களில் பொருத்தப்பட்டு, மோதலின் ஆற்றலை உறிஞ்சி நீண்டுவிட்ட தடைவளையங்கள் மீண்டும் பயன்படா. அவற்றை மாற்றுதல் வேண்டும். வேலியின் பின்னே குவிந்த கற்களை அகற்றாவிடில், அடுத்த பாறையைத் தாங்கும் சக்தி வெகுவாகக் குறையும். பிளவுகளில் வேரோடிய செடிகளும், அடைபட்ட வடிகால் துளைகளும் கவனத்துக்குரியன. இவ்வாராய்ச்சி தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும், ஒவ்வொரு பெரிய வீழ்ச்சிக்குப் பின்னும் தவறாது நடைபெறல் வேண்டும்.