நோயாளியின் வாசற்படி: 1704ஆம் ஆண்டுப் புதுச்சேரி ஆணை

யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் அழைக்கிறவர் நோயாளி. வருகிறவர்கள் சபையின் மூப்பர்கள். நோயாளி கிடக்குமிடத்திலேயே ஜெபமும் எண்ணெய் பூசுதலும் நிகழ்கின்றன. இதனை அருட்சாதனம் எனலாமா என்பது சீர்திருத்தக் காலத்தின் வினா. லூத்தர் 1520இல் மறுத்தார். திரெந்து சங்கம் 1551இல் உறுதிசெய்தது. நம் வகுப்பறைகளில் இவ்வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் தமிழகத்தில் அவஸ்தைப்பூசுதலைப்பற்றி எழுந்த வினா வேறு. பூசுகிறவர் நோயாளியின் வாசற்படியைத் தாண்டுவாரா என்பதே அது.

கடலூருக்கு வடக்கேயுள்ள புதுச்சேரியில் 1703 நவம்பரில் போப்பின் தூதர் தூர்னோன் வந்திறங்கினார். சீனாவுக்குச் செல்லும் வழியில் அங்குத் தங்கிய அவர், நோயுற்றிருந்தபோதிலும், இயேசு சபையாரின் மிஷன்களில் வழங்கிய முறைகளை விசாரித்து, 1704 ஜூன் 23 தேதியிட்ட ஆணையொன்றைப் பிறப்பித்தார். தாலி, மணச்சடங்குகள், திருநீறு முதலியவை பற்றிய அதன் விதிகளே பெரிதும் பேசப்படுகின்றன. நம் கவனத்துக்குரியது பறையர் குலத்து நோயாளிகளைக் குறித்த விதி.

அக்காலத்தில் குருமார் சேரி வீடுகளுக்குள் செல்வதில்லை. சாகுந்தறுவாயிலுள்ளவரையும் வெளியே தூக்கிவந்தே அருட்சாதனம் பெறுவிக்க வேண்டியிருந்தது. லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் பக்கங்களில் ஊருக்கும் சேரிக்கும் இடைப்பட்ட வயல்வெளியை நடந்து கடந்தவர்களுக்கு இதன் கொடுமை எளிதில் விளங்கும். இவ்வழக்கத்தைத் தூர்னோன் தடுத்தார். குருக்கள் வீட்டுக்கே சென்று சந்திக்கவேண்டும். உயர்குலத்து அஞ்ஞான மருத்துவரும் உடலின் நலத்துக்காகச் செய்யும் ஊழியத்தை ஆன்ம மருத்துவர் மறுப்பது தகாது என்பது அவர் வாதம். புதுச்சேரியைவிட்டு உள்நாட்டுக்குச் செல்லாதவர் என்று அவரைக் குறைகூறுவர். அது மெய்யே. ஆயினும் இவ்விதியை அக்குறை தொடவில்லை.

இயேசு சபையாரை அன்பற்றவர் என்று தள்ளிவிடுவதும் நேர்மையன்று. சந்நியாசிகளாய் வாழ்ந்து, ஊணையும் உடையையும் ஒறுத்தவர்கள் அவர்கள். சேரிக்குள் காணப்பட்டால் மேற்குலத்தார் தங்களை ஏற்கார், அவர்களுக்கு நற்செய்தியின் கதவே அடைபடும் என்று அஞ்சினர். சுவிசேஷத்துக்காகவே சுவிசேஷத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தனர் என்பது என் கருத்து.

வழக்கு நாற்பதாண்டுகள் நீடித்தது. பன்னிரண்டாம் கிளெமெந்து 1734இல் ஆணையின் சில பகுதிகளைத் தளர்த்தினார். பதினான்காம் பெனடிக்ட் 1744இல் இறுதித் தீர்ப்பளித்தபோது, பறையர் மக்களுக்கெனத் தனிக் குருமாரை ஏற்படுத்துவதாக இயேசு சபையார் கூறிய யோசனையை ஒப்புக்கொண்டார். நோயாளியின் வீட்டுக்குக் குருவானவர் வந்தார். ஆனால் குருத்துவமே இரண்டாக வகுக்கப்பட்டது.

இதை வாசித்து உரோமையைக் குறைகூறிவிட்டு நாம் எழுந்துபோக இயலாது. புதுச்சேரி ஆணைக்கு இரண்டாண்டுகளுக்குப் பின் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தார். அங்கே 1733இல் ஆரோன் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார், அவர் வேளாளர். அடுத்த அபிஷேகத்துக்கு ஆள் தேடியபோது, பறையர் குலத்தவரும் ஊழியத்தில் சிறந்தவருமான உபதேசியார் இராஜநாயக்கனின் பெயர் எழுந்தது. அவர் கையினின்று மேற்குலத்தார் திருவிருந்து பெறமாட்டார்கள் என்று மிஷனெரிகள் தயங்கினர். எண்ணெய் பூசுதலை அருட்சாதனமன்று என்று தள்ளிய சபையில், நற்கருணையை வழங்கும் கை எந்தக் குலத்தது என்பது வினாவாயிற்று. 1741இல் தியோகு அபிஷேகம் பெற்றார். இராஜநாயக்கன் உபதேசியாராகவே இருந்தார்.