வீட்டில் செல்லப்பிராணிக் கருணைக்கொலை

குணப்படுத்த முடியாத நோயாலோ முதுமையாலோ தவிக்கும் நாய், பூனை போன்றவற்றின் உயிரைக் கால்நடை மருத்துவர் வீட்டுக்கே வந்து வலியின்றிப் பிரியச் செய்யும் முறை. மருத்துவமனையின் வழுக்கும் மேசை, வேற்று நாய்களின் வாடை ஆகியவற்றால் வரும் மிரட்சி இதில் இல்லை. பழகிய பாயிலேயே பிராணி படுத்திருக்கும்.

கடினமானது முடிவெடுப்பதுதான். அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லாலோபோஸ் வகுத்த அளவுகோல் இதற்கு உதவுகிறது. வலியின்மை, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியா என்ற ஏழுக்கும் பத்துக்கு இவ்வளவு என மதிப்பெண் இட வேண்டும். கூட்டுத்தொகை 35-ஐத் தாண்டினால் பராமரிப்பைத் தொடரலாம். தொடர்ந்து வேதனையில் கிடக்கும் பிராணியை நம் ஆசைக்காக வைத்திருப்பது அன்பாகாது.

ஒப்புதல் படிவம், கட்டணம், அடக்கம் ஆகியவற்றை முந்தைய நாளே முடித்துவிடுவது நல்லது. அழுகைக்கு நடுவே கையெழுத்துப் போடுவது கொடுமை.

முதலில் மயக்க ஊசி. சில நிமிடங்களில் தலை சாய்ந்து ஆழ்ந்து உறங்கிவிடும். பின்னர் முன்காலில் முடியை மழித்து, ரத்தக்குழாய் வழியே பெரும்பாலும் பென்டோபார்பிட்டல் என்ற மருந்தைச் செலுத்துவார்கள். நினைவு முற்றிலும் மறைந்து, மூச்சும் இதயமும் நிற்கும். கண்கள் திறந்தே இருக்கும், சிறுநீர் கழியலாம், ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோலவும் தோன்றலாம். இவை வலியின் அறிகுறிகள் அல்ல. குடும்பத்தாரிடம் மருத்துவர் இதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

மருந்து உடலில் தங்குவதால், ஆழமாகப் புதைக்காவிட்டால் தோண்டித் தின்னும் விலங்குகளுக்கும் நஞ்சாகும். தகனமே பாதுகாப்பானது.