படைவீட்டுக் கல்வெட்டும் மேற்கோட் குறிப்பும்

சைவ வரலாறு ஆராயப் புகுவார்க்குக் கல்வெட்டுக்களும், அவற்றைப் பற்றித் திங்களிதழ்களில் எழுந்த கட்டுரைகளும் இன்றியமையாத கருவிகளாம். அவற்றை எடுத்தாளுங்கால் அவை இருக்குமிடத்தை ஐயமறக் குறித்தல் வேண்டும். இஃதொரு சிறு செய்தியென்று பலர் நெகிழ விடுகின்றனர். அந்நெகிழ்ச்சியால் வரும் இடரைப் படைவீட்டு வரலாற்றினின்று காட்டுதும்.

பட்டு நெசவாற் பெயர்பெற்ற ஆரணிக்கு அணித்தாய், போளூரைச் சார்ந்த மலையடியில் உள்ளது இக்காலத்துப் படவேடு. சம்புவராயர்க்கு இருக்கையாயிருந்த இவ்வூர், விசயநகர வேந்தர் நாளில் ஓர் இராச்சியத்திற்கே பெயராயிற்று. ஈண்டுள்ள அம்மையப்பேசுவரர் கோயிற் சாசனம் சகம் 1180 என்னும் ஆண்டோடு இராசகம்பீரச் சம்புவராயனைக் குறிக்கின்றது. அது கி.பி. 1258 ஆம். ஹுல்ஷ் என்னும் செருமானியப் பேரறிஞர் 1890-ல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் முதற்றொகுதியில் இது காணப்படும்.

அத்தொகுதியிலேயே 56-ஆம் எண்ணுடைய சாசனம் ஒன்றுண்டு. படைவீட்டு இராச்சியத்து அந்தணருள் கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர் முதலிய பல பிரிவினரும் ஒருங்கு கூடி, இனி மணவினையைக் கன்னிகாதானமாகவே செய்வதென்றும், பெண்ணின்பொருட்டுப் பொன் கொடுப்பாரும் கொள்வாரும் அரச தண்டனைக்கும் சாதி விலக்கிற்கும் உரியரென்றும் உடன்பட்டுக் கையொப்பமிட்டது அது. காலம் தேவராயர் ஆட்சியில் சகம் 1347, விசுவாவசு, கி.பி. 1425-26. பரிசப்பணத்தின் வரலாறு எழுதுவாரெல்லாம் இதனை விரும்பி எடுத்தாள்வர். எடுத்தாள்வோருட் சிலர் 'படைவீட்டுக் கல்வெட்டு' என்றெழுதி அமைவர். அதனை நம்பிப் படவேட்டிற்குச் சென்று கோயில்தோறும் தேடினும் அக்கல் அகப்படாது. அது நிற்பது விரிஞ்சிபுரத்துச் சிவாலயத்தில். படைவீடு என்பது அச்சாசனத்துள் இராச்சியத்தின் பெயரேயன்றிக் கல் நின்ற ஊரின் பெயரன்று. விசுவாவசு என ஆண்டுப்பெயர் மட்டும் குறிப்பாரும் உளர். அறுபதாண்டிற்கொருமுறை மீளும் பெயர் எவ்வாறு காலங்காட்டும்?

பழைய உரையாசிரியர்கள் நூற்பெயரும் கூறாது அடிகளை மட்டும் எடுத்துக்காட்டினரே எனின், அவர்தம் மாணாக்கர் அந்நூல்களை நெஞ்சிற் கொண்டிருந்தனர். திங்களிதழை நெட்டுருச் செய்தார் யாருமிலர். உரையளவை என்பது உரைத்தோன் இன்னான் என்று தெளிந்தவழியே அளவையாவது.

நம் இதழ்களிலோ மற்றோரிடர் உண்டு. மதுரைத் தமிழ்ச்சங்கத்துச் செந்தமிழ் தொகுதி, பகுதி என்னும். 1923-ல் தோன்றிய செந்தமிழ்ச் செல்விக்கு ஆண்டுத்தொகுப்பு சிலம்பு, திங்களிதழ் பரல். 1925-ல் எழுந்த கரந்தைத் தமிழ்ப்பொழில் அவற்றையே துணர், மலர் என வழங்கும். சிலம்பினுள் பரல் அடங்குதலும், துணரில் மலர் செறிதலும் நோக்கின் இப்பெயரழகு இனிதே. ஆயினும் 'மலர்' என்பது வேறு பல இதழ்களில் ஆண்டுத்தொகுப்பையே குறித்தலின், 'மலர் 4' என வாளா எழுதின், படிப்போன் ஆண்டையோ திங்களையோ அறியான். ஒரு நூலின் அடிக்குறிப்பில் இதழ்ப்பெயரும் ஓர் எண்ணும் மட்டும் கண்டு, கட்டடம் செய்த தொகுதிகளை யாம் இரண்டு நாள் புரட்டியதுண்டு. கட்டுவோர் மேலட்டைகளை நீக்கிவிட்டமையால் திங்கட்பெயரும் உதவிற்றிலது. இறுதியில் அவ்வெண் பக்கவெண் என்று தெரிந்தது!

ஆதலின் ஆசிரியர் பெயர், கட்டுரைத் தலைப்பு, இதழின் பெயர், அவ்விதழ் தனக்கு வழங்கும் சொல்லாலேயே தொகுதியும் பகுதியும், திங்களும் ஆண்டும், கட்டுரை தொடங்கி முடியும் பக்கங்கள் ஆகிய இவையனைத்தும் வேண்டும். பின்னர் நூலாகத் தொகுக்கப்பெற்ற கட்டுரைக்கு முதலில் வெளிவந்த ஆண்டையும் உடன் கூறுக. இன்றேல் முந்துரைத்தவர் பிந்தியவராகி, அவர் கருத்தை ஏற்றுக்கொண்டவரே முதற்கண் கண்டவராகத் தோன்றுவர். கல்வெட்டாயின் கல் நிற்கும் ஊரும் கோயிலும் தொகுதியெண்ணும் சாசனவெண்ணும் தருக. பழைய இதழ்களை மின்னுருவிற் படிப்போர், திரையிற் காணும் எண்ணை விடுத்துத் தாளில் அச்சிட்ட பக்கவெண்ணையே கொள்க. முகப்பும் விளம்பரமும் சேர்த்தெண்ணுதலின் அவ்விரண்டும் பெரும்பாலும் ஒவ்வா.