பெயரிலார் காக்கும் வரலாறு: கலைக்களஞ்சியத்தில் மோகன் பகான்

ஏடு பெயர்த்தெழுதியோர் பலர் தம் பெயரைப் பொறிக்காமலே நூல்களைக் காத்துத் தந்தனர். அவர்தம் ஆர்வமே சில இடங்களில் இடைச்செருகலாகவும் அமைந்துவிட்டது. காப்பவரின் அன்பே காக்கப்படும் பொருளைத் திரிக்கவும் கூடும் என்னும் இவ்வுண்மை, இன்று விளையாட்டு வரலாற்றிலும் காணக்கிடக்கின்றது. 2001 சனவரி 15இல் தோன்றிய இணையக் கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியாவில், கொல்கத்தாவின் மோகன் பகான் கால்பந்துக் கழகத்தின் வரலாற்றை எழுதும் பணி இதற்குத் தக்க சான்றாகும்.

எழுதுவோரும் நெறியும்

இக்களஞ்சியத்தில் எழுதுவோர் ஊதியம் பெறாத தன்னார்வலர், பெரும்பாலோர் புனைபெயரினர். எவரும் திருத்தலாம். எனினும் ஒவ்வொரு திருத்தமும் நாளும் நேரமும் குறிக்கப்பெற்றுப் பக்க வரலாற்றில் பதிவாகின்றது. பழைய வடிவம் அழிவதில்லை. பாடவேறுபாடுகள் யாவும் ஒருங்கே நிற்கின்றன. கருத்து மாறுபட்டால் உரையாடல் பக்கத்தில் வழக்குரைக்கலாம். ஒருவர் ஒரே பக்கத்தில் பிறர் செய்த திருத்தங்களை 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் மாற்றியமைத்தல் நெறிக்குப் புறம்பானது. பூசல் முற்றினால் நிருவாகிகள் பக்கத்தைப் பூட்டுவர். எழுதும் செய்திக்கு அச்சிலோ பிற நம்பகமான இடத்திலோ சான்று வேண்டும் என்பதே இவற்றுள் தலையாயது.

1911: கதையும் சான்றும்

1889 ஆகஸ்டு 15இல் தோன்றிய மோகன் பகான், 1911 சூலை 29இல் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. சிப்தாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் கோலடித்தனர். அக்கேடயத்தை வென்ற முதல் இந்திய அணி அதுவே. ஆள்வோரை அவர்தம் ஆட்டத்திலேயே வென்ற அந்நாளைச் சுற்றிக் கதைகள் வளர்ந்தமை இயல்பே.

பதினொருவரும் வெறுங்காலுடன் ஆடினர் என்பது ஒரு கதை. பதின்மரே அவ்வாறு ஆடினர். சுதிர் சாட்டர்ஜி காலணி அணிந்திருந்தார். தலைநகர் தில்லிக்கு மாறியது இத்தோல்வியின் அச்சத்தால் என்பது மற்றொன்று. அம்மாற்றம் 1911 திசம்பர் 12இல் தில்லி தர்பாரில் அறிவிக்கப்பட்டது மெய்யே. ஆயின் அதனை வலியுறுத்தும் குறிப்பை வைசிராயின் ஆட்சிக்குழுவினரான சர் ஜான் ஜென்கின்ஸ், பந்தயத்திற்கு முன்னரே, சூன் மாதத்தில் எழுதிவிட்டார்.

மூன்றாவது கதை நெஞ்சை அள்ளுவது. வெற்றி நாளன்று ஒருவர் வில்லியம் கோட்டைக் கொடியைச் சுட்டி, ‘அது எப்போது இறங்கும்?’ என வினவ, ‘மோகன் பகான் மீண்டும் கேடயம் வெல்லும்போது’ என விடை வந்ததாம். அக்கழகம் மீண்டும் அதனை வென்ற ஆண்டு 1947! இக்கதையை நீக்குக என நெறி கூறவில்லை. வழங்கிவரும் கதை எனக் குறித்து எழுதுக என்றே கூறுகின்றது. ஒரு கழகத்தின் கதை அதன் மக்களின் கனவு. ஆதலின் அதுவும் வரலாற்றுப் பொருளே. நிகழ்ச்சியாக மட்டும் அது நிற்றல் ஆகாது.

2020: எது கழகம்?

பழங்கதையினும் கடினமான வினா அண்மையில் எழுந்தது. 2014இல் தோன்றிய ஏடிகே கழகத்தின் உரிமையாளரோடு மோகன் பகானின் கால்பந்துப் பிரிவு 2020 சூனில் இணைந்தது. அதே ஆண்டு மார்ச்சில்தான் மோகன் பகான் ஐ-லீக்கில் முதலிடத்தை உறுதிசெய்திருந்தது. ஏடிகே, சென்னையின் எஃப்.சி. அணியை வென்று இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை மூன்றாம் முறை பெற்றிருந்தது. புதிய அணி ஏடிகே மோகன் பகான் எனப் பெயர் பெற்றது. பெயரின் முன்னொட்டை நீக்குமாறு ஆதரவாளர் இயக்கம் நடத்தினர். 2023இல் அது நீங்கி, மோகன் பகான் சூப்பர் ஜயன்ட் என்னும் பெயர் வந்தது.

எனின், 1889 யாருடைய ஆண்டு? ஏடிகேயின் மூன்று கோப்பைகள் யாருடைய கணக்கு? கட்டுரை எழுதுவோர் இதற்கு விடை கண்டே ஆகவேண்டும். பட்டியலில் ஓர் எண் கூடினும் குறையினும் ஒரு சாரார்க்கு அது வரலாற்றுக் களவாகத் தோன்றும். ஆங்கிலப் பதிப்பில் ஏடிகேக்குத் தனிக்கட்டுரை உண்டு. அதன் வெற்றிகள் அங்கே கூறப்பெறுகின்றன. மறைந்த கழகத்திற்கும் தனக்குரிய பக்கம் வேண்டும் என்பது நேரிய தீர்வே.

நிறைவாக

இப்பணியில் ஈடுபடுவோருள் அக்கழகத்தின் அன்பரும் உளர் எனின் வியப்பில்லை. அன்பின்றி இத்தனை நுணுக்கம் தேடுவார் யார்? தம் கழகத்திற்குப் பெருமை சேர்க்கும் வரியாயினும் சான்றில்லையேல் தம் கையாலேயே நீக்குவதுதான் அவ்வன்பின் சோதனை. பத்து இணை வெறுங்கால்களோடு ஓர் இணைக் காலணியையும் எழுதிவைப்பதால் 1911இன் வெற்றி சிறிதும் குறைவதில்லை. ஐயுறுவார் முன்னும் அது அசையாது நிற்கும்.