பரங்கிமலையிலிருந்து ஊட்டி வரை: விண்மீன்களை மினுங்கவைக்கும் காற்றின் கதை

1802 ஏப்ரல் 10. சித்திரை பிறக்க இன்னும் ஓரிரு நாள். வெயில் அதற்குள் உச்சத்தில். பரங்கிமலை அடிவாரத்துப் பந்தயத் திடலருகே வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி 100 அடி நீள எஃகுச் சங்கிலியைத் தரையோடு தரையாக நீட்ட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அங்கிருந்து நேர் தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை அளக்கவேண்டும். தூரம் ஏழரை மைல். அளந்து முடிக்க 57 நாள் ஆயிற்று.

அந்தச் சங்கிலிக்கே ஒரு கதை உண்டு. இங்கிலாந்திலிருந்து மெக்கார்ட்னி பிரபு தலைமையில் சீனப் பேரரசரிடம் போன தூதுக்குழு, பரிசுப் பொருட்களோடு அதையும் கொண்டுபோயிற்று. பேரரசர் ஏற்கவில்லை. கூடப் போன டின்விடி என்ற அறிஞர் வழியாகச் சங்கிலி கல்கத்தா வந்து, கடைசியில் சென்னை மண்ணில் பயன்பட்டது. இந்தியாவின் முழு நிலப்படமும் தொங்கிக்கொண்டிருந்த முதல் கோடு, இன்று மடிப்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை என்று வீடுகள் நெருக்கியடிக்கும் இந்தப் பகுதியில்தான் இழுக்கப்பட்டது. தென்சென்னைக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளவேண்டிய செய்தி இது. பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெயிலில் எஃகு நீளும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, கூடார நிழலில் வைத்து, பக்கத்திலேயே வெப்பமானிகளைப் பொருத்தினார்கள். எத்தனை பாகை சூட்டுக்கு எவ்வளவு நீட்சி என்று கழித்துக்கொள்ள முடிந்தது. ஆனால் சங்கிலி வேலை முடிந்து, தொலைநோக்கி பொருத்திய கோணமானியால் தூரத்துக் குன்றுகளையும் கோபுரங்களையும் குறிபார்க்கும் கட்டம் வந்தபோது வேறோர் எதிரி எதிரே நின்றது. அதுதான் காற்று. உச்சிவேளையில் சூடேறிய தரைக்கு மேல் கானல் எழும். தூரத்துக் கொடிக்கம்பம் நெளியும், மிதக்கும், இரண்டாகப் பிளந்தது போலவும் தோன்றும். நெளிகிற கம்பத்துக்கு எந்த இடத்தில் கோணம் எடுப்பது?

குளிர்ந்த காற்று அடர்த்தியானது. சூடான காற்று லேசானது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் நுழையும்போது ஒளி சற்றே வளையும். வளைவு மிகச் சிறியதுதான். ஆனாலும் அடிவானத்துப் பொருளை அது ஏறக்குறைய அரைப் பாகை உயர்த்திக் காட்டிவிடுகிறது. மெரினாவில் கடலிலிருந்து எழும் சூரியனின் அடிவிளிம்பு நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் கணத்தில், உண்மையான சூரியன் இன்னும் முழுதாகக் கீழேதான் இருக்கிறது. லாம்டனின் வாரிசான ஜார்ஜ் எவரெஸ்ட், பகலை விட இரவில் விளக்கேற்றிக் குறிபார்ப்பது மேல் என்று பின்னாளில் அந்த முறைக்கே மாறினார்.

லாம்டன் இரவு வானத்தை நம்பிப் பழகியவர். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரின்போது ஜெனரல் பெய்ர்டின் படை இரவில் தெற்கே போவதாக எண்ணி நடந்துகொண்டிருந்தது. விண்மீன்களைப் பார்த்த லாம்டன், படை வடக்கே, திப்புவின் அணிகளை நோக்கியே போகிறது என்று எச்சரித்தார். அவர் சொன்னதே சரி. நில அளவையிலும், ஓர் இடத்தின் அட்சரேகையைத் துல்லியமாக அறிய அவர் விண்மீன்களையே நாடினார். அதற்கு அவர் தேர்ந்தவை தலைக்கு நேர் மேலே கடந்துபோகும் மீன்கள். உச்சியிலிருந்து நேராக இறங்கும் ஒளி காற்றில் வளைவதில்லை. கடக்கவேண்டிய காற்றும் அங்கேதான் மிகக் குறைவு.

விண்மீன் மினுங்குவதன் முழுக் காரணமும் இதற்குள் இருக்கிறது. வானில் காற்று ஒரே சீராக இல்லை. சூடும் குளிருமான சிறு சிறு திரள்களாகப் புரண்டுகொண்டிருக்கிறது. பல திரள்கள் ஒரு சாண் அகலம் கூட இல்லாதவை. ஒவ்வொன்றும் ஒளியை ஒரு பக்கம் குவித்து, இன்னொரு பக்கம் சிதறடிக்கிறது. ஆழமில்லாத குளத்தின் தரையில் வெயில் வலை நெளிந்து ஓடுவதுபோல, ஒரு விண்மீனின் ஒளியும் வெளிச்சமும் நிழலுமான கோலமாகப் பூமியின் மேல் ஓடிக்கொண்டே இருக்கிறது. நம் கண்மணி வெறும் ஆறேழு மில்லிமீட்டர். அதன் மேல் வெளிச்சப் பட்டை விழும் கணத்தில் மீன் பளிச்சிடுகிறது. நிழற்பட்டை விழுந்தால் மங்குகிறது. விண்மீன் அவ்வளவு தொலைவில் இருப்பதால் வெறும் புள்ளி. வியாழனோ நம் கண்ணுக்குப் புள்ளியாகத் தோன்றினாலும் உண்மையில் சிறு வட்டு. வட்டின் ஒவ்வொரு புள்ளியிலிருந்து வரும் ஒளியும் தனித்தனியே ஆட, ஒன்றின் மங்கலை மற்றொன்றின் பொலிவு ஈடுகட்டிவிடுகிறது. கோள்கள் நிதானமாக ஒளிர்வது அதனால்தான்.

நிறம் எங்கிருந்து வருகிறது? காற்று நீலத்தைச் சிவப்பை விடச் சற்று அதிகமாக வளைக்கிறது. ஆகவே தாழ்ந்த மீன் ஒன்றிலிருந்து நம் கண்ணுக்கு வந்து சேரும் நீலக் கதிரும் சிவப்புக் கதிரும் மேலே ஒரே வழியில் வந்தவை அல்ல. சில கிலோமீட்டர் உயரத்தில் அவற்றின் பாதைகள் விலகியே இருக்கின்றன. நீலம் ஒரு காற்றுத்திரளைக் கடக்கும் அதே நேரத்தில் சிவப்பு வேறொரு திரளைக் கடக்கிறது. ஒரு கணம் சிவப்பு மட்டும் குவிந்து வரும், அடுத்த கணம் பச்சை, அதற்கடுத்து நீலம். மீனின் வெண்ணொளியைக் காற்று பிரித்துப் பிரித்து அனுப்புகிறது. பெல்ஜியத்தின் மான்டிக்னி 19-ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்தார். 1890-களில் ராலே பிரபு கணக்காகவே எழுதிக் காட்டினார்.

காற்றின் நடுக்கமே மினுங்கலுக்குக் காரணம் என்பதையும், உயர்ந்த மலைமுடிகளின் அமைதியான காற்றே தொலைநோக்கிக்கு ஏற்றது என்பதையும் நியூட்டன் 1704-லேயே எழுதிவிட்டார். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் தன் வானாய்வகத்தைக் கட்டியது கடலோரச் சமவெளியில், நுங்கம்பாக்கத்தில். கப்பல்களுக்கு நேரமும் தீர்க்கரேகையும் வேண்டியிருந்தன. துறைமுகத்துக்குப் பக்கம் என்பது வசதி. கருவி இம்மியும் ஆடக்கூடாதென்று சுமார் 10 டன் எடையுள்ள கருங்கல் தூணை நட்டு அதன் மேல் பொருத்தினார்கள். தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்துப் பொறித்த அந்தத் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இருக்கிறது. கருவியின் ஆட்டத்தைத் தூண் நிறுத்தியது. மேலே ஆடிய காற்றை நிறுத்த எந்தத் தூணாலும் ஆகவில்லை.

அந்தக் காற்றினூடேதான் சிந்தாமணி ரகுநாதாச்சாரி வேலை பார்த்தார். சென்னை வானாய்வகத்தில் முதல் உதவியாளராக உயர்ந்த இவர், 1867-ல் தென்வானத்து ரெட்டிகுலம் மண்டலத்தில் ஒரு மாறொளி மீனைக் கண்டறிந்தார். இன்று அதன் பெயர் ஆர் ரெட்டிகுலி. சுமார் ஒன்பது மாதச் சுழற்சியில் அது பொலிந்து மங்குகிறது. இந்தக் கண்டுபிடிப்பின் அருமையைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போடவேண்டும். அந்த மீன் வான்நடுக்கோட்டுக்குத் தெற்கே 63 பாகையில் இருக்கிறது; சென்னை புவிநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில். ஆகவே அது மிக உயர ஏறும் வேளையிலும் நுங்கம்பாக்கத்துத் தென்அடிவானத்துக்கு மேல் 14 பாகைதான். உச்சியிலிருந்து வரும் ஒளியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு காற்றைத் துளைத்துக்கொண்டு அதன் ஒளி வந்தது. தாம்பரம், வண்டலூர் பக்கத்துத் தாழ்வானம் அது. எல்லா மீனும் துடிதுடிக்கும் அந்த இடத்தில், இந்தத் துடிப்பு காற்றுடையது, அந்த மங்கல் மீனுடையது என்று பிரித்தறிய வருடக்கணக்கில் பழகிய கண் வேண்டும். 1874-ல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது அதை மக்களுக்கு விளக்க நூலும் எழுதிய இந்த மனிதரின் பெயரில் சென்னையில் ஒரு சாலையாவது வேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் எண்ணம்.

ரகுநாதாச்சாரியின் மேலதிகாரி நார்மன் போக்சன் 1891-ல் இறந்த பிறகு பொறுப்பேற்றவர் சார்லஸ் மிச்சி ஸ்மித். அதுவரை சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர். கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. சேலையூர்க் காட்டை ஒட்டிய தாம்பரம் வளாகத்துக்கு 1937-ல்தான் பெயர்ந்தது. சமவெளியின் காற்றோடு இனி மல்லுக்கட்ட வேண்டாம் என்று ஸ்மித் மலைகளில் ஆய்ந்து, பழனி மலைத்தொடரில் கோடைக்கானலைத் தேர்ந்தார். 1899-ல் வானாய்வுப் பணி அங்கே போய்விட்டது. கடல் மட்டத்துக்கு 2,300 மீட்டருக்கு மேல். புழுதியும் கனத்த காற்றும் காலுக்குக் கீழே. பத்தாண்டுக்குள், 1909-ல், சூரியப் புள்ளிகளில் வாயு பக்கவாட்டில் பாய்வதை ஜான் எவர்ஷெட் அங்கிருந்தே கண்டார்.

இரவு வானத்துக்கு இன்னோர் இடம் தேடியவர் வானியலாளர் வைணு பாப்பு. ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்து 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியை நிறுவினார், 1972-ல் 102 செ.மீ. தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் முன்னால் கடந்தபோது, காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். கோள் மறைக்கும் முன்பே மீன் ஒருமுறை மங்கி மீண்டது. காற்றின் சிமிட்டல் கண நேரத்தில் மீளும். இது நொடிக்கணக்கில் நீடித்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்த இரவு அது. அடர்ந்த காற்றுக்கு மேலே பறந்த அமெரிக்க விமானத் தொலைநோக்கியும் அதையே கண்டது.

மினுங்கலை எல்லாரும் தொல்லையாகவே பார்த்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரைச் சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டியது. 1970 முதல் இயங்குகிறது. மலைச்சரிவின் 11 பாகைச் சாய்வும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஒன்றே என்பதால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகவே அமைந்துவிட்டது. தொலைவிலிருந்து வரும் வானொலி அலைகளும் மினுங்குகின்றன. அதற்குக் காரணம் நம் காற்று அல்ல, சூரியனிலிருந்து இடைவிடாமல் வீசும் மின்துகள் காற்று. மினுங்கும் வேகத்தையும் வலுவையும் அளந்து, சூரியக் காற்று எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதை ஊட்டியில் கணிக்கிறார்கள். இதே மினுங்கலை ஆராயக் கேம்பிரிட்ஜில் அமைத்த கருவியில்தான் 1967-ல் ஜோசலின் பெல் முதல் துடிப்பு விண்மீனைக் கண்டார். பரங்கிமலையில் தொல்லையாகத் தொடங்கியது நீலகிரியில் அளவுகோல் ஆகிவிட்டது.

தென்சென்னையின் மேல்காற்றை அளக்கும் வேலை மீனம்பாக்கத்தில் நடக்கிறது. வானிலைத் துறையின் பலூன் அங்கிருந்து மேலேறி, ஒவ்வோர் உயரத்திலும் வெப்பமும் ஈரப்பதமும் காற்றின் வேகமும் எவ்வளவு என்று வானொலியில் சொல்லிக்கொண்டே போகும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில், சென்னையின் அட்சரேகையை ஒட்டி, கிழக்கிலிருந்து மேற்காக மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஒரு காற்றாறு ஓடுகிறது. 1950-களில் இதை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம். ஆடி, ஆவணியில் மேகம் விலகும் இரவுகளில் தலைக்கு மேலுள்ள மீன்கள்கூட வேகமாகத் துடித்தால் இந்தக் காற்றாற்றுக்கும் அதில் பங்குண்டு. தரைக்கு அருகில் நடப்பது வேறு கதை. பகலெல்லாம் வெயில் குடித்த காங்கிரீட் கூரைகளும் தார்ச்சாலைகளும் இரவில் சூட்டைக் கக்க, வீடுகளுக்கு மேலேயே காற்று புரளத் தொடங்குகிறது.

கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள ஏற்ற காலம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் கழுவியிருக்கும் தை, மாசி. பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்கு மொட்டைமாடியில் தெற்கு நோக்கி நின்றால் இரவு வானத்தின் மிகப் பிரகாசமான இரண்டு விண்மீன்களும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். மேலே 60 பாகை உயரத்தில் இருப்பது சிரியஸ். கீழே 24 பாகையில் அகத்தியர் விண்மீன். பிரகாசத்தில் சிரியஸே முதல். ஆனால் அதைப் போல் இரு மடங்கு காற்றைக் கடந்து வருவது அகத்தியர் மீன். ஆகவே நிறம் மாறும் விளையாட்டுக்கு முதலில் அதையே பாருங்கள். சிரியஸை அப்படிப் பார்க்க விரும்பினால் மார்கழியில் அது கிழக்கே எழுந்துவரும் வேளைக்குக் காத்திருக்கவேண்டும்.

பைனாகுலர் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். மீனைப் பார்த்தபடியே கருவியைச் சிறு வட்டமாகச் சுழற்றுங்கள். புள்ளி வளையமாக நீளும். அந்த வளையம் சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் துண்டு துண்டாகத் தெரியும். ஒவ்வொரு துண்டும் காற்று ஒரு நிறத்தை அனுப்பிய சிறு நொடிப்பொழுது. அப்போது வியாழனும் வானில் உயரத்தில் இருந்தால் கருவியை அதன் பக்கம் திருப்பி அதேபோல் சுழற்றுங்கள். வளையம் முழுவதும் ஒரே நிறத்தில், அறுபடாமல் இருக்கும்.