பெயோட்டே: மருந்தும் திருச்சபையும்

1918 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்திலே புதிய சமயத் தாபனமொன்று சட்டப்படி பதிவு செய்யப்பட்டது. ‘அமெரிக்கச் சுதேசிகள் திருச்சபை’ என்பது அதன் பெயர். நமது பாடநூல்கள் நெடுங்காலம் செவ்விந்தியர் என வழங்கிவந்த மக்களுள் பல குலத்தவர் அதனை நிறுவுவதில் ஒன்றுசேர்ந்தனர். திருச்சபை என்றதும் மனத்தில் எழும் கோயிற் கட்டடமோ குருமார் வரிசையோ அவர்களிடம் இருக்கவில்லை. பெயோட்டே எனப்படும் முள்ளற்ற சிறு கள்ளியை உண்டு, இரா முழுதும் பாடி வேண்டுதல் செய்யும் வழிபாடே இருந்தது. அதற்குத் திருச்சபை என்று பெயரிட வேண்டிய தேவை யாது? இதற்கான விடை சமயக் கோட்பாட்டிலே அன்றி, அம்மக்களுக்கு நேர்ந்த வரலாற்றிலேயே கிடக்கின்றது.

பெயோட்டே ரெக்சாஸ் மாநிலத்தின் தென்பகுதியிலும் வட மெக்சிக்கோவிலும் மாத்திரமே இயற்கையாக வளர்வது. ரியோ கிராண்டே ஆற்றோரக் குகையொன்றிற் கிடைத்த பெயோட்டே எச்சங்கள் ஏறத்தாழ 5,700 ஆண்டுகள் பழைமையானவை எனக் கணிக்கப்பட்டுள்ளன. மெக்சிக்கோவிலிருந்த கத்தோலிக்க விசாரணை மன்றம் 1620 இல் இதன் பாவனையைத் தடைசெய்தது. மேலை விஞ்ஞானம் இதனை அணுகியது மிகப் பிந்தியே. ஜேர்மானிய அறிஞர் ஆர்தர் ஹெஃப்டர் 1890களின் பிற்பகுதியில் இதிலிருந்து மெஸ்கலின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். 1919 இல் ஏர்ன்ஸ்ற் ஸ்பேத் அதனைச் செயற்கையாக ஆக்கினார்.

தெற்கே வளரும் இக்கள்ளி வடக்கே பெருஞ் சமவெளிகளில் வாழ்ந்த குலங்களிடையே ஓர் இயக்கமாகப் பரவியது 19 ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலிலாகும். அக்காலப் பகுதி கருத்தூன்றி நோக்கத்தக்கது. கொமாஞ்சி, கயோவா முதலிய குலத்தவர் 1870களின் நடுவில் ஒதுக்க நிலங்களுள் அடைக்கப்பட்டனர். அவர்தம் வாழ்வுக்கு ஆதாரமாயிருந்த காட்டெருமை மந்தைகள் அப்பத்தாண்டு முடிவதற்குள் வேட்டைக்காரராற் கொன்றொழிக்கப்பட்டன. உணவும் உடையும் கூடாரமும் எருமையிலிருந்தே பெற்ற மக்கள் அரசாங்கப் பங்கீட்டு வரிசையில் நின்றனர். இழந்த உலகை மீட்டுத்தரும் என நம்பப்பட்ட ஆவி நடன இயக்கம், 1890 டிசெம்பரில் வூண்டட் நீ என்னுமிடத்தில் லக்கோட்டா மக்கள் 200 க்கு மேற்பட்டோர் படையினராற் கொல்லப்பட்டதோடு தளர்ந்தது. பழைய உலகம் திரும்பி வாராது என்பது தெளிவான வேளையில், உள்ள உலகிலேயே உயிரோடிருக்க வழிகாட்டும் சமயமொன்று வேண்டப்பட்டது. பெயோட்டே வழிபாடு அவ்விடத்தை நிரப்பிற்று எனலாம்.

இங்கு நகைமுரண் ஒன்றுண்டு. எருமைத் தோலைச் சந்தைக்குக் கொண்டுசென்று மந்தைகளின் அழிவை விரைவுபடுத்தியது இருப்புப்பாதை. 1881 இல் லரேடோ நகரை எட்டி, அங்கிருந்து உலர்ந்த பெயோட்டேயை வடக்கே அனுப்ப வாய்ப்பளித்ததும் இருப்புப்பாதையே.

இயக்கத்தின் பெருந்தலைவராக மதிக்கப்படுபவர் கொமாஞ்சித் தலைவர் குவானா பார்க்கர். கடும் நோயுற்றிருந்தபோது பெயோட்டே கொடுக்கப்பட்டுக் குணமடைந்தார் என்பது மரபு. அது எவ்வாறாயினும், ஒதுக்க நில உத்தியோகத்தரோடு பேரம்பேசி வழிபாட்டைக் காத்த அவரது அரசியல் திறமை ஐயத்திற்கிடமற்றது. ஒக்லகோமாப் பிரதேசம் 1899 இல் நிறைவேற்றிய தடைச்சட்டம் கள்ளியைக் குறிக்காது, ‘மெஸ்கல் விதை’ எனும் வேறொன்றின் பெயரையே குறித்தது. அதனால் வழக்குகள் நிலைக்கவில்லை. குவானா முதலியோர் நேரில் வாதாடிய பின்னர் 1908 இல் அச்சட்டமும் நீக்கப்பட்டது.

வழிபாட்டின் அமைப்பைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். கூட்டம் காரணமின்றிக் கூடுவதில்லை. பிள்ளை நோயுற்றிருக்கும், அல்லது தந்தை குடிக்கு அடிமையாகியிருப்பார். அக்குடும்பத்தவர் கூட்டத்தை ஏற்பாடு செய்து செலவையும் ஏற்பர். வாயில் கிழக்கு நோக்கிய கூடாரத்துள் அனைவரும் வட்டமாக அமர்வர். நடுவே தீ, அதன் அருகே பிறை வடிவிலான மண்மேடு, மேட்டின்மீது பெரிய பெயோட்டே ஒன்று வைக்கப்பட்டிருக்கும். ‘பாதை மனிதர்’ எனப்படுபவர் கூட்டத்தை நடத்துவார். முரசு வாசிப்பவரும் தீயைக் காப்பவரும் அவருக்குத் துணை. மருந்து வலமாகச் சுற்றிவரும். கோலும் சுரைக்காய்க் கிலுகிலுப்பையும் அவ்வாறே கைமாற, அவற்றைப் பெற்றவர் நான்கு பாடல்கள் பாடுவார்; நீர் அடைத்த முரசு விரைந்தொலிக்கும். நள்ளிரவில் நீர் பகிரப்படும். விடியலில் பெண்ணொருத்தி நீர் கொணர்ந்து வேண்டுவாள். பின்னர் சோளமும் இறைச்சியும் பழமும் எல்லோரும் உண்பர்.

நோயாளியோடு ஏனையோரும் மருந்தை உண்கின்றனர் என்பதே இதில் மையமானது. அவன் வாந்தியெடுத்தால் அருவருப்பார் இல்லை. அது தூய்மையுறுதல் எனக் கொள்ளப்படும். அழுது குற்றத்தை ஒப்புக்கொண்டால் கேட்பதற்கு உறவினர் சுற்றியிருப்பர். அவன் தடுமாறும் பொழுது பாடலும் முரசும் அவனைத் தாங்கிநிற்கும். அவர்கள் பெயோட்டேயை எப்போதும் மருந்து என்றே அழைப்பர். (தமிழிலும் நோய் தீர்ப்பதும் வசியஞ் செய்வதும் மருந்தென்றே வழங்கப்படுதல் ஈண்டு நினைக்கத்தக்கது.) ஆயின் அவர்கள் கூறும் மருந்தைக் கள்ளியாக மட்டும் கொள்வது பிழை. கூட்டத்தை நீக்கிப் பார்ப்பின் எஞ்சுவது மெஸ்கலின். அதுவே சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது.

1918 இல் பெயோட்டேயை முற்றாகத் தடைசெய்யும் மசோதா அமெரிக்கக் காங்கிரசின் கீழ்ச்சபையில் நிறைவேறிற்று, மேற்சபையில் நிறைவேறவில்லை. கயோவா மக்களிடையே நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் ஜேம்ஸ் மூனி மசோதாவை எதிர்த்துச் சாட்சியம் அளித்ததோடு, அரசியல் யாப்பு சமயத்துக்கு வழங்கும் பாதுகாப்பைப் பெறும்பொருட்டுத் தாபனமாகப் பதிவு செய்துகொள்ளுமாறு ஆலோசனையும் கூறினார். இதன் விலையாக அவரது களஆய்வு தடுக்கப்பட்டது. 1921 இல் இறக்கும்வரை அத்தடை நீங்கவில்லை. ஆகத் திருச்சபை என்பது ஆளுவோர் மொழியிற் பெயர்த்துரைக்கப்பட்ட தற்காப்பாகும்.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வந்ததன்று. நவஹோ மக்களின் ஆட்டு மந்தைகளை 1930களில் அரசாங்கம் வலிந்து குறைத்தபின், அவர்களிடையே பெயோட்டே விரைவாகப் பரவியது. மந்தையை மிகுதியாக இழந்தோரே இவ்வழிபாட்டிற் கூடுதலாகச் சேர்ந்தனர் என டேவிட் ஏபர்ல் 1966 இல் வெளியிட்ட நூலிற் காட்டினார். ஆனால் நவஹோக் குலச் சபையே 1940 இல் இதனைத் தடைசெய்தது. 1967 வரை அத்தடை நீடித்தது. மரபுச் சடங்குகளைப் பேணியோருக்கும் கிறித்தவருக்கும் இது அந்நிய வழக்காகவே தோன்றிற்று.

மருத்துவரும் இவ்வழிபாட்டைத் தேடி வந்தனர். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் மதுவுக்கு அடிமையானோருக்கு எல்.எஸ்.டி. கொடுத்துச் சிகிச்சை செய்துவந்த ஹம்ப்ரி ஒஸ்மண்ட் என்னும் உளமருத்துவர் 1956 இல் திருச்சபையினரின் இராக்கூட்டமொன்றிற் பங்குபற்றினார். அகத்தை வெளிப்படுத்துவது எனும் பொருளில் ‘சைக்கடெலிக்’ என்ற சொல்லை அவர் உருவாக்கியதும் அவ்வாண்டிலேயே. நவஹோ மக்களிடை நடத்தப்பட்டு 2005 இல் வெளியான ஆய்வொன்று, முறையாக வழிபாட்டிற் கலந்துகொள்வோரிடம் உளநலக் குறையோ அறிவாற்றற் குறையோ காணப்படவில்லை என்றது. இது பெயோட்டே குணமாக்குகிறது என்பதற்குச் சான்றாகாது. தீங்கு செய்கிறது என்ற நூறாண்டுக் குற்றச்சாட்டை வலுவிழக்கச் செய்தது என்றே கொள்ளவேண்டும்.

1990 இல் வந்த தீர்ப்பு தற்காப்பின் எல்லையைக் காட்டிற்று. மதுப்பழக்கத்திலிருந்து மீண்டு, பிறரை மீட்கும் ஆலோசகராகப் பணியாற்றியவர் கிளமத் குலத்தவரான அல் ஸ்மித். திருச்சபைக் கூட்டத்திற் பெயோட்டே உண்டமைக்காக அவர் வேலை நீக்கப்பட்டார். ஓறிகன் மாநிலம் வேலையற்றோர் உதவிப்பணத்தையும் மறுத்தது. மறுத்தது யாப்புக்கு முரணன்று என உயர்நீதிமன்றம் தீர்த்தது. குடியை விட்ட ஒருவர் குடியை விடுவிக்கும் வழிபாட்டுக்காகத் தண்டிக்கப்பட்டார். எழுந்த கண்டனத்தின் விளைவாக 1994 இல் காங்கிரஸ் சட்டமியற்றி, அங்கீகரிக்கப்பட்ட குலங்களின் உறுப்பினருக்குப் பெயோட்டே வழிபாட்டுரிமையை உறுதிசெய்தது.

இன்றைய நெருக்கடி வேறு திசையிலிருந்து வருகின்றது. இயற்கை நிலையில் இக்கள்ளி முதிர்வதற்குப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். ரெக்சாஸில் அது வளரும் நிலமோ சுருங்கி வருகின்றது. அகவிரிவை நாடும் புதிய ஆர்வலர் பெயோட்டேக்கும் தடைநீக்கம் கோரியபோது, திருச்சபையினர் தங்கள் மருந்தை அப்பட்டியலில் சேர்க்க வேண்டாமெனக் கேட்டனர். கொலராடோ மாநிலம் 2022 இல் வாக்கெடுப்பால் ஏற்ற சட்டம் மெஸ்கலினை அனுமதித்துப் பெயோட்டேயை விலக்கிவைத்தது. அதற்கு முன்னரே, 2017 இல், சுதேசிகளின் பாதுகாப்பு முயற்சியொன்றுக்காகத் தென் ரெக்சாஸில் 605 ஏக்கர் கள்ளி நிலம் வாங்கப்பட்டிருந்தது. அங்கு நாற்றுகள் வளர்க்கப்படுகின்றன.